பாரத்துல முதல் பேரை மாத்திடு

தமாம், சவூதி, 12.4.2007

அன்புள்ள ஷஹனாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டுச்சா? நஸ்ரின் ஒழுங்கா சாப்பிடுறாளா?

நஸ்ரினை ஸ்கூல்ல சேர்க்கிற குலுக்கல் பாரத்துல மூணு பள்ளிக்கூடம் வரிசையா எழுதணுமே, கடலூர் பள்ளிக்கூடத்தை முதல்ல எழுதுன்னு நான்தான் சொன்னேன். நல்ல பேர் உள்ள இடம்தான். ஆனா அதுவே விழுந்துட்டா, அஞ்சு வயசுப் பிள்ளை தினம் மூணு மணி நேரம் வேன்ல கிடக்கணும். வேணாம். சிதம்பரத்துல நம்ம தெருப் பள்ளிக்கூடத்தையே முதல்ல எழுது.

இங்க வேலைக்குப் போகவே ரெண்டு மணி நேரம் பஸ். போன வாரம் கம்மாபுரத்து எழிலன் என் தோள்ல சாஞ்சு தூங்கினான். பாவம், அலுப்புன்னு நான் அசையவே இல்ல. இறங்குற இடத்துல எழுப்பினேன், எழுந்திரிக்கல. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னாரு.

நீ கவலைப்படாதே, எனக்கு ஒண்ணும் இல்ல. தோள் மட்டும் பிடிச்சிருக்கு. உன் அண்ணன் ஜாபிர் லீவு முடிஞ்சு வரும்போது, கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு.

பஸ் வந்துடுச்சு.

அப்துல் வதூது