விட்டுப்போன ஒரு ஆப்ஷன்

ஏழுமலை திருடவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது நீயும் போய்விட்டாய்.

இன்று என் எடைமேடை அறையில் பழைய மானிட்டரைத் தூக்கிப்போட நகர்த்தினேன். பின்புறம் உன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உப்புக்காற்றில் ஓரமெல்லாம் மொரமொரத்துப் போயிருந்தது. புரோகிராமில் பிழை தேடுகிற அந்தக் கருவியை ஓட்டும்போது நீ தட்டுகிற ஆப்ஷன்கள்: எதைத் தேட வேண்டும், எந்தக் கோப்பில் எழுத வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும். கடைசி வரி மட்டும் வேறு மையில். டிரேஸ் சில்ட்ரன், யெஸ்.

2005 கோடை. மரக்காணத்தில் ஏற்றிய உப்பு இறக்குகிற இடத்தில் குறைகிறது என்று வாங்குகிறவர்கள் கத்தினார்கள். எடைச்சீட்டு போடுவது அனுமந்தை ஏழுமலை. புரோகிராம் எழுதியது குயிலாப்பாளையத்து நீ. இரண்டு பேரில் ஒருவர் மேல்தான் தப்பு.

"என் புரோகிராம்ல கோளாறு இருந்தா இதுவே காட்டிக் குடுத்துடும், பாருடா" என்று லாரிக்காரர்கள் முன்னால் அந்தக் கருவியை ஓட்டினாய். ஓடுகிற புரோகிராமுக்குள் புகுந்து ஒவ்வொரு அடியையும் வேவு பார்க்குமாம். கடைசியில் திரையில் வந்தது: பிழை, பூஜ்யம்.

"இன்னா ஏழுமல, கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. என் புள்ள மேல சத்தியம்."

"புள்ளைய ஏன்யா இழுக்குற? அந்தச் செருப்பு நான் வாங்கிக் குடுத்தது. கழட்டி வச்சிட்டுப் போ."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

மறுவாரம் தனியாக வந்தாய். "ஒரு ஆப்ஷன் விட்டுட்டேன்டா, டிரேஸ் சில்ட்ரன்னு. எடை வாங்குறது ஒரு புரோகிராம். சீட்டு அடிக்க அது இன்னொண்ணைக் கிளப்பி விடுது. இதைப் போடலன்னா டூலு முதலோட நின்னுடும், ரெண்டாவதைப் பாக்கவே பாக்காது." சீட்டு அடிக்கும் அந்த இரண்டாவதில்தான் கோளாறு. சில நேரம் லாரியின் காலி எடையை அதன் இடத்தில் போடாமலே கணக்குப் போட்டது. அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன எண் கிடந்ததோ அதையே கழித்தது.

"அவனைக் கூப்ட்டு சொல்லிடலாம்டா" என்றாய். மனதாரத்தான் சொன்னாய், அதை மறுக்கமாட்டேன். ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒருவனைச் செருப்பைக் கழற்ற வைத்தவன், அதே பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டால், அப்புறம் எவன் என் சொல்லை மதிப்பான்?

"தாராளமா சொல்லு. உன் புரோகிராம் ஓடுற மத்த எடைமேடைக்கெல்லாம் நானும் போயி சொல்லிட்டு வர்றேன்."

அதோடு அவனைக் கூப்பிடும் பேச்சை விட்டுவிட்டாய்.

திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு எந்த எடைமேடையில் வேலை கொடுப்பார்கள்? ஏழுமலை உப்பு வாரப் போனான், என் பாத்தியிலேயே. உள்ளங்கால் பிளந்து, பிளவில் உப்பு ஏறி, வரப்பில் நொண்டி நடப்பதை நீயும்தான் பார்த்தாய்.

உன் சாவுக்கு வந்திருந்தான். என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான்: "நான்தான் எங்கியோ தப்பாத் தட்டிட்டேன் போலங்க. மிஷினு பொய் சொல்லாதில்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

உன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் யாரிடமும் காட்டவும் மாட்டேன். ஆள் போனாலும் பேச்சு பேச்சுதான். அன்று நாம் பேசி முடித்தது இது: தப்பைச் சத்தமில்லாமல் நீ திருத்த வேண்டும். திருத்தியதற்குக் காசு கிடையாது. மூன்று வருஷம் பராமரிப்பு இலவசம். ஏழுமலைக்கு ஒன்றும் இல்லை.