பாதியில் நிறுத்திய மாத்திரை

ஆவடி,
வெள்ளிக்கிழமை

என் கண்ணு கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. ஹைதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் எழிலும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் முழு சௌக்கியம், உன் அப்பா முக்கால் சௌக்கியம். உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், எழுதக் கூடாது என்று வாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போன மாதம் அண்ணனூர் ஸ்டேஷன் படியில் கால் கட்டை விரலை இடித்துக்கொண்டார். சர்க்கரை உடம்பு, டாக்டரிடம் போங்கள் என்றேன். கேட்டாரா, டாக்டர் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் இரண்டு நாள் விழுங்கிவிட்டு மீதியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பாரே, அதிலிருந்து சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு என்று போட்டுக்கொண்டார். எதிர் வீட்டு ஆக்னஸின் பல்வலிக்கும் அதே பாட்டில்தான், தெருவுக்கே வைத்தியர். விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சீழை எடுத்துச் சோதித்துவிட்டு, நான்கு மருந்துக்கு இந்தக் கிருமி அசையாது, ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் அடங்கும், அதைப் பத்து நாள் போடணும், விட்டால் விரலை எடுக்கணும் என்றார் டாக்டரம்மா.

ஆறு ஊசி ஆனதும் புண் காய்ந்தது, உன் அப்பா பழையபடி ஆரம்பித்தார். காஞ்சிட்சே, இன்னாத்துக்கு இன்னும் குத்திக்கினு என்றார். அங்க உங்க பொண்ணு ஒரு புது மருந்துக்கு நாலு வருசமா லேபுல மண்ணைக் கிண்டிக்கினு கீறா, நீங்க நாலு ஊசிக்கு அழுவுறீங்களே என்றேன். உடனே சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மாவுக்கே பாடம் எடுக்கிறார், பாதியில நிறுத்துனா மிச்சம் கீற கிருமி உஷாராயிடும்மா, எம்பொண்ணு சொல்லிக்கீது என்று. மண்ணில் உள்ள கிருமி உங்கள் லேபில் வளராது, அதனால் மருந்து சுரக்கிற குணத்தை மட்டும் எடுத்து, சொன்னபடி வளரும் வேறொரு கிருமிக்குள் வைக்கிறோம் என்றாயே, அதையும் விளக்கினார். பூந்தமல்லியில் என் அம்மா வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைத்ததும் இதுதானே, அவளுக்கு யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை. அதற்காக உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை, கரையான்சாவடி கடையில் உன் பேச்சை எடுக்காமல் நான் கத்திரிக்காய் கூட வாங்குவதில்லை.

நேற்றோடு பத்து ஊசியும் முடிந்தது. விரல் தப்பியது. அந்த மாத்திரை பாட்டிலை ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டேன், வளர்த்த நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்ட மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறார். அவரைத் திட்டாதே. திட்ட உனக்கு யோக்கியதையும் இல்லை. போன மாதம் தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, மீதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடினாயாமே. எழில் சொன்னான், பிள்ளையை அடிக்காதே.

திருவேற்காட்டு அம்மன் உங்கள் மூவரையும் காப்பாள், நீ வளர்க்கும் கிருமியும் சீக்கிரம் மருந்து சுரக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கைப்பை விஷயத்தை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ ஃபோனில் குரலை உயர்த்தினால் சொல்லிவிடுவேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா முத்தம்மாள்