ஆரணியின் இரண்டாவது வரி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. லவால் மெட்ரோவுக்கு நடப்பதற்குள் சப்பாத்து ஊறிவிட்டது. நான் வேலை செய்யும் கார்தெரி குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளை வெளியே விட வழியில்லை, நாள் முழுக்க ஒரே சத்தம். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மகள் ஆரணிக்கு இடம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை மேடையில் பாடுகிறாள். நானூறு வருடப் பழைய இத்தாலியப் பாட்டு. இத்தாலியிலிருந்து ஒரு பெரிய பாடகி வந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால் புதன்கிழமைக் கச்சேரியில் ஆரணிக்குத் தனிப்பாட்டு. ஒரு வருடமாக அதே கனவு அவளுக்கு.

"இது மாஸ்டர் கிளாஸ் அம்மா. கச்சேரி இல்லை, மேடையில வைச்சுப் படிப்பிப்பினம். நீங்களும் அப்பாவும் மட்டும் வந்தாக் காணும்."

மேடை, சனம், பிரதம விருந்தினர். அரங்கேற்றத்துக்கு வேறென்ன வேண்டும்? இங்கே பெயர் வேறு, அவ்வளவுதான்.

செய்ய: பச்சைக் காஞ்சிபுரம் அயன் பண்ண. பூச்செண்டு. பாடகிக்குப் பொன்னாடை. ராணி மச்சாளுக்கு போன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். இவரின் தங்கை ராணி மச்சாள் டொலார்டிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்களோடு வருகிறார். கோயிலிலும் சொல்லியாயிற்று. ஆரணியிடம் மூச்சு விடவில்லை.

அறைக்குள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். காதலன் விட்டுப்போன பெண்ணின் பாட்டாம். இவர்: "நல்லாத்தானே இருக்கு, பிறகேன் திரும்பவும்?"

ஜூன் 14, சனி

மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே போய்விட்டோம்.

முன்வரிசை இரண்டையும் நாங்களே பிடித்தோம். சுற்றிவர ஜீன்ஸ் போட்ட சனம். நாங்கள் பட்டும் நகையும். மேடைக்கு வந்த ஆரணி எங்களைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தாள்.

அவளுக்கு முன் உயரமான பிரெஞ்சுப் பிள்ளை ஒருத்தி. முழுக்கப் பாடவிட்டு, இரண்டு சொல் சொல்லி அனுப்பிவிட்டார் பாடகி. நல்ல கைதட்டல். பிறகு ஆரணி. இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். திரும்பப் பாடினாள். திரும்ப நிறுத்தினார். மூன்றாம் தரமும் அப்படியே.

ராணி மச்சாள் மண்டபம் முழுக்கக் கேட்க: "என்ன மச்சாள், பிள்ளையைப் பாட விடுறாவில்லை? பிழை விட்டிட்டாளோ?"

எனக்கு முகம் எரிந்தது. எங்கள் ஆட்களுக்கு முன்னால் பிள்ளைக்கு இப்படியா. மேடைக்குப் போய் ஒரு கேள்வி கேட்க எழும்பினேன். இவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும்."

பாடகி பிரெஞ்சில் சொன்னார்: "நீ எங்களுக்கு அழகாகப் பாடிக் காட்டுகிறாய். உன் காதலன் அங்கே கதவைத் திறந்து போகிறான். அவனைக் கூப்பிடு."

ஆரணி சிரித்தாள். அவமானப்பட்ட பிள்ளை அப்படிச் சிரிக்காது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேடைக் கதவைப் பார்த்துப் பாடினாள். குரல் பாதியில் கரகரத்தது. அழகென்று சொல்ல முடியாது. ஆனால் இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாத நான் இருந்த இடத்திலேயே அழுதேன். ராணி மச்சாளும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பொன்னாடை பையோடு வீடு வந்தது. காரில் நான் பாடகியைத் திட்டத் தொடங்கினேன்.

"அம்மா, மற்ற ஆக்களை அவ நிப்பாட்டேல்லை. என்னைத்தான் நிப்பாட்டினவ."

முகம் முழுக்கச் சந்தோசம். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது: நிறுத்தினது பிழைக்காக இல்லை, இவளிடம் இன்னும் இருக்கிறதென்று.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் செய்தி வந்தது. புதன் கச்சேரியில் ஆரணி. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரி வந்து "சா வா?", எல்லாம் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனாள். இவர் தேநீர் போட்டு, குடிக்க மறந்து, திரும்பவும் போட்டார்.

பின்னேரம் ஆரணி குசினியில் நின்று அந்த வரியைப் பாடினாள். நான் வெங்காயம் உரித்தபடி. இத்தனை காலமும் "சூப்பர் பிள்ளை" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. இன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நில்லு. நேற்று மாதிரி இல்லை. எனக்குப் பாடிக் காட்டுறாய்."

ஆரணி பாட்டை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். கோபித்துவிட்டாளோ என்று பயந்துபோனேன்.

"திரும்பப் பாடட்டே, அம்மா?"

"ஓம். பாடு."