"எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?"

சேலம்,
3.2.2024

அன்புள்ள ரிஸ்வானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதம். நேற்று மூன்றாவது முறையாக வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். ஐந்து லிட்டர். நாலே நாளில் மறுபடி வீங்கிவிடும். பெரிய டாக்டர் வந்ததும் முதலில் கேட்பது, "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?" தொட்டதே இல்லை என்றால் நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார். ஈரல் கெட்டுவிட்டதாக எழுதியும் விட்டார். அவராவது அந்நியர். "குடிகாரர் இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது" என்று கட்டிய மனைவி நீ எப்படிச் சொன்னாய்?

சாதிக்


ஏற்காடு,
8.2.2024

மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஏனுங்க, பாய்க்கு ஈரலாமே?" என்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது. என்னைப் பெற்ற அத்தாவுக்கும் வயிறு இப்படித்தான் வீங்கியது. ஒரு சொட்டும் தொடவில்லை என்று சாகிற வரை சத்தியம் செய்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து பதினேழு பாட்டில் எடுத்தேன். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

குடிக்கவில்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எடுத்து எடுத்துக் கொட்டுகிறார்களே, அதில் என்ன இருக்கிறதென்று யாராவது பார்த்தார்களா? செம்மநத்தம் வளைவில் வண்டியோடு விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, ஒரு வாரம் சுருண்டு கிடந்தீர்களே, அதையாவது சொன்னீர்களா? கடையைப் பூட்ட மனமில்லாமல் ஆஸ்பத்திரிக்கே போகாத மனிதர்தானே நீங்கள்!

ரிஸ்வானா


சேலம்,
17.2.2024

ரிஸ்வானாவுக்கு,

விழுந்ததை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உன் கடிதத்தைப் பிரிஸ்கில்லா என்ற புது டாக்டரம்மாவிடம் அப்படியே நீட்டினேன். "இத்தனை நாளா அமைலேஸ் பார்க்கவே இல்லியா?" என்று நர்ஸிடம் பொரிந்து தள்ளிவிட்டார். கணையத்தில் சுரக்கிற சாறாம் அது. நூறைத் தாண்டக் கூடாதது, என் வயிற்று நீரில் பதினோராயிரம்! ஸ்கேன் எடுத்தால் கணையக் குழாய் கிழிந்திருக்கிறது. அடிபட்ட நாளிலிருந்து ஐந்து மாதமாக உள்ளேயே கசிந்திருக்கிறது. வாய் வழியாகக் கேமரா விட்டு, கிழிசலுக்குக் குறுக்கே மெல்லிய குழாய் வைத்துவிட்டார்கள். ஈரலில் ஒரு குறையும் இல்லை.

பெரிய டாக்டர் இன்று, "இப்ப நொம்பப் பரவால்லைங்களா, பாய்?" என்றார். சிரிக்கவில்லை.

சரியான கேள்வியை நீதான் கேட்டாய். ஆனால் என்னை நம்பிக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். எங்கே போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சாதிக்


ஏற்காடு,
20.2.2024

மச்சானுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். மன்னிப்பு என்று எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அத்தாவின் முகம்தான் தெரிந்தது. அது என் தப்பு. விழுந்ததை டாக்டரிடம் சொல்லாதது உங்கள் தப்பு. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வார்டு வாசலில் நிற்பேன். எண்ணெய் படாமல் கஞ்சி காய்ச்சி எடுத்து வருகிறேன். ஊட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்வதானால், அதைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரிஸ்வானா