வெள்ளிக்கிழமை டியூட்டி

மார்ச் 4, செவ்வாய்

பதினோரு வருஷமாகக் கடை வாசலில் காவல். பில் போடாத பொருள் யார் பையில் இருக்கிறது என்று முழியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வீட்டில்தான் கோட்டை விட்டேனோ?

என் மனைவியின் இங்கிலீஷ் நோட்டு மேஜையில் கிடந்தது. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் ரெஜிஸ்டரை இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். தினம் நடக்கிற வேலைக்கு ஒரு மாதிரி, முடிந்த வேலைக்கு ஒரு மாதிரி. அதற்கு வெள்ளிக்கிழமை சாயங்கால வகுப்பு. அன்று எனக்கு லீவு, எங்கள் குட்டிப் பாப்பாவை நான் பார்த்துக்கொள்வேன்.

நோட்டில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் இதுதான்: ‘அவன் வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் எனக்காகக் காத்திருக்கிறான்.’

யார் அவன்?

மார்ச் 5, புதன்

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

மார்ச் 6, வியாழன்

புது வரி. முதலில் ‘நம்பர் கொடுக்கிறான்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘கொடுத்துவிட்டான்’ என்று திருத்தியிருக்கிறாள். இவ்வளவு யோசித்துத் திருத்துகிறவள் சும்மாவா எழுதுவாள்? ஆக, நம்பர் கை மாறியாச்சு.

மார்ச் 7, வெள்ளி

இனி வெள்ளிக்கிழமையும் டியூட்டி என்று சொல்லி, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பொய்தான். குட்டியைப் பார்க்க ஆளில்லாமல் அவள் வகுப்புக்குப் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி டெஸ்ட் இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள். முகம் வாடிப்போயிருந்தது. நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் டியூட்டி.

மார்ச் 18, செவ்வாய்

அவளோடு வேலை செய்கிறவள் இரவல் வாங்கிப் போன பாடப் புத்தகம் திரும்பி வந்தது. புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் அச்சடித்துக் கிடக்கின்றன, நடுவில் கோடிட்ட இடத்தோடு. வகுப்பில் எல்லோருமே அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன். ரெண்டு வகுப்பு போச்சு. டெஸ்டுல கோட்டை விட்டா அது என்னாலதான் — எப்படிச் சொல்றது?

சரி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை மட்டும் எதற்கு மடித்து வைத்திருக்கிறாள்?

மார்ச் 20, வியாழன்

நோட்டில் நாலு வரி. புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன், எந்தப் பக்கத்திலும் இல்லை.

‘என் கணவர் தினமும் என் நோட்டைப் படிக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு டியூட்டி இல்லை. இருப்பதாகச் சொல்கிறார். நான் தங்கையை வரச் சொல்லிவிட்டேன்.’

அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

தங்கை வந்தாள். இவள் வகுப்புக்குப் போனாள். நான் ‘டியூட்டி’க்கு.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கு டெஸ்ட். மத்தியானமே மனசைத் திடப்படுத்திக்கொண்டு, “இன்னிக்கு நான் வீட்லயே இருக்கேன், குட்டியைப் பார்த்துக்கறேன்” என்றேன்.

“வேணாங்க, தங்கச்சி வந்துட்டா. உங்களுக்குத்தான் டியூட்டி ஆச்சே.”

கோபமே இல்லாமல் சொன்னாள். யூனிஃபார்மை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

ஏழு மணி வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அக்காவும் தங்கையும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். டியூட்டி எப்படி என்று இவள் கேட்டாள். கூட்டம் ஜாஸ்தி என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவளுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறாளாம். இன்று கிளம்பும்போது அவள் தங்கை பேச்சுவாக்கில் சொன்னாள்.