நான் வைத்த இரைச்சல்

செவ்வாய்க் குடியிருப்பு. நாள் 611, காலை 6.10
எழுதுவது செல்வபாக்கியம், குடும்பத்தலைவி. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பன்னிரண்டு கூடாரங்கள். தொலைபேசிகள் 40,216. சர்வர்கள் நான்கு, நான்கும் ஓடுகின்றன. கம்பெனி கைவிட்டுப்போன இணைப்பகத்துக்குப் பதிலாக, திறந்தமூல மென்பொருளை நானே படித்து நானே கட்டியது. ஒலி போகும் பாதை குறுகல். ஆகவே யாரும் பேசாத நேரத்தில் எதுவும் அனுப்பப்படாது. கேட்பவரின் போனே மெல்லிய இரைச்சலை உண்டாக்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் போன் செத்துவிட்டது என்று ஜனங்கள் வைத்துவிடுகிறார்கள்.

மாலை 5.40
ஒன்பதாம் கூடாரத்திலிருந்து என் நாத்தனார் லில்லிபுஷ்பம், வழக்கம்போல் ஜெபத்துக்கு. "மதினி, இன்னைக்குச் சுருக்கமா முடிங்க. போன வாரம் நீங்க ஜெபிச்சு முடிக்கதுக்குள்ள எனக்குச் சோறு கருகிட்டு." வாய்விட்டு ஜெபித்தபின் போனை வைக்காமல் இருவரும் மௌனமாக இருப்போம்.

மாலை 6.25
அவள் ஆமென் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்தேன். 5.52க்குப் பிறகு அவள் பக்கத்திலிருந்து ஒரு துளி ஒலியும் வரவில்லை. அரை மணி நேரம் என் போனின் இரைச்சலோடு ஜெபித்திருக்கிறேன்.
ஒன்பது சின்னக் கூடாரம். அதன் 212 போன்களுக்கும் அவசர அழைப்பு விட்டேன். அந்த அழைப்பைப் போன் தானே எடுத்துக்கொள்ளும். 212-உம் எடுத்தன. ஒருவரும் பேசவில்லை.

மாலை 6.40
கட்டுப்பாட்டு அதிகாரி தணிகாசலம்: "எல்லா லைனும் உயிரோட இருக்குன்னு உங்க சிஸ்டமே காட்டுதும்மா. நானும் கேட்டேன், சத்தம் வருது. புழுதிப்புயல்ல மீட்பு வண்டிய அனுப்பி டிரைவருங்கள சாகடிக்கவா?"
அது நான் வைத்த இரைச்சல் ஐயா என்றேன்.
"நல்லாத்தான் வச்சிருக்கீங்க. போய்ச் சமையலப் பாருங்க."
நான்கு மாதமாக இந்த ஆள் பேசியதெல்லாம் இந்தச் சமையல்காரி கட்டிய இணைப்பில்தான்!

மாலை 6.58
மென்பொருளில் இரண்டு வரிகளை நீக்கி எல்லாப் போன்களுக்கும் அனுப்பினேன். ஒன்று, இரைச்சல் உண்டாக்குவது. மற்றது, மெல்லிய ஒலியைப் பேச்சல்ல என்று தள்ளுவது. வெறும் நிசப்தத்தைக் கேட்டாலாவது நம்புவார் என்று.
நிசப்தம் இல்லை. ஒன்பதில் தட்டுகிறார்கள். "மதினி... கேக்கியளா... காத்து..."
கூடாரத்தில் காற்று கசிந்து மெலிந்தால் குரலும் மெலியும். ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். குரல் நான் வைத்த அளவுக்குக் கீழே போனதும் மென்பொருள் அதைக் குப்பையில் போட்டு, எனக்கு இரைச்சலைக் கொடுத்திருக்கிறது. பாவி நான்.

மாலை 7.04
அந்த ஒலியை எல்லாப் போன்களுக்கும் திருப்பிவிட்டேன். அதிகாரி போனுக்கும். வைத்தாலும் அறுபடாது.
"வண்டி கெளம்பிடுச்சு! நிறுத்துங்கம்மா!"
மாட்டேன். கேளும். வண்டி போய்ச்சேர ஐம்பது நிமிடம்.

7.20
ஒலி வரும் போன்கள் 131.

7.31
88. ஆண்டவரே, உம்மேலும் எனக்குக் கோபம்தான்.

7.46
19. லில்லியின் எண்ணில் ஏதோ கேட்கிறது. மூச்சுதான். இரைச்சலை நீக்கிய மாற்றத்தை என் போன் ஏற்றுக்கொண்டிருந்தால் அது மூச்சுதான். ஏற்றுக்கொண்ட போன்களின் பட்டியல் திரையில் இருக்கிறது.
பார்க்க மாட்டேன்.