சம்பந்தியோடு வாய் திறக்காமல் ஏறிய மலை

சம்பந்தி,

போன வாரம் உங்கள் பூட்ஸுக்குள் என் கால் மாட்டிக்கொண்டது. பரணை ஒழுங்குபடுத்தியபோது கிடைத்ததென்று சம்பந்தியம்மா என் மகளிடம் கொடுத்தனுப்பியது. பட்டாளத்தில் இருக்கிற உங்கள் மகனுக்குச் சர்க்கார் புதிது புதிதாகக் கொடுக்கிறது, அவனுக்கு இது வேண்டாமாம். என் மைக்செட் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டுப் பார்த்தேன். வலது கால் உள்ளே போனது, திரும்பி வர மறுத்துவிட்டது. அந்த நேரம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவேண்டிய மைக்கைச் சோதித்துப் பார்க்கப் போட்டு வைத்திருந்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. "ஏலே, விடு லே, ஐயோ விடு லே" என்று நான் பூட்ஸிடம் கெஞ்சியது, வாசலில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர் வழியாகச் சுரண்டை கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, யாரு அடிக்கா உங்கள?"

"யாரும் அடிக்கல. சம்பந்தி பூட்ஸு."

"செத்த பொறவும் ஆளை விடமாட்டேங்காவளே!"

சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் கழற்றினோம். கழன்று வந்த பூட்ஸுக்குள்ளிருந்து உப்பும் புகையிலையும் கலந்த வாடை அடித்தது. அட்டை கடிக்காமலிருக்க நீங்கள் காலில் தேய்த்துக்கொள்வீர்களே, அதே வாடை. குற்றாலத்து மலையில் ஒரு பகல் முழுக்க அந்த வாடைக்குப் பின்னால்தான் நடந்தேன்.

போனவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்கிறார்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் நேரந்தவறாதவர். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எனக்கு உங்களைப் பிடிக்காது. பெண் பார்க்க வந்த அன்று என் கடையைப் பற்றி, "சத்தத்த வித்துப் பொழைக்கியளாக்கும்" என்று கேட்டீர்களே, அன்றிலிருந்து பிடிக்காது. பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் சிரித்தேன். இந்தக் கடிதத்தில்கூட 'நீங்கள்' என்று எழுதுவது மரியாதையால் அல்ல. கை அப்படிப் பழகிவிட்டது.

பங்குனி உத்திரத்துக்கு நம் பக்கத்தில் எல்லாரும் அவரவர் குலசாமியான சாஸ்தாவைத் தேடிப் போகிறவர்கள்தான். எங்கள் சாஸ்தா நல்லவர். வயக்காட்டுக்கு நடுவில், வாசல்வரை வேன் போகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சாஸ்தா உங்களைப் போலவே. செண்பகாதேவி கோயிலையும் தாண்டி, காட்டுக்குள் ஏறி ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே கூரைகூட வேண்டாமென்று காற்றில் நிற்கிற கல். போக வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டும், கூடவே ஒரு வாட்சரை அனுப்புவார்கள். இதெல்லாம் போதாதென்று உங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வேறு. அடிவாரத்தில் அருவித் தண்ணீரில் கால் நனைத்துவிட்டால், மேலே பொங்கல் பொங்குகிறவரை யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. என் மகளுக்குத் தெரியும்.

அவளுக்கு அப்போதுதான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்திருந்தது. தருமபுரிப் பக்கம். "என் வீட்டு மருமவ அவ்வளவு தூரம் போயிச் சம்பாதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் அச்சன்புதூர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டீர்கள். உங்கள் மகன் வடக்கே பனியில் நின்றுகொண்டு, "அப்பா சொன்னாச் சரிதான்" என்று போனில் சொன்னான். படித்த படிப்பு, பரீட்சைக்காகக் கண்விழித்தது, எல்லாம் உங்கள் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. குறித்த தேதிக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் உங்கள் மகனுக்கு லீவு இல்லை. தனியாக ஏற வேண்டுமே என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமாகூட நீங்க போயிட்டு வாங்க. மலையில வச்சு வேலையப் பத்திக் கேளுங்க. மாமா மலையில மட்டும் யாருட்டயும் கோவப்பட மாட்டாவ."

"ஏட்டி, சேர நாளு இருக்கா?"

"நாளு கெடக்குப்பா. நீங்க பதறாமக் கேளுங்க."

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் நான். அவள் சொல்கிற நாள் கணக்கில் எனக்குச் சந்தேகம் வராது. எங்கள் சாஸ்தாவுக்கு வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, விடியுமுன் குற்றாலத்தில் வந்து நின்றேன். பங்குனி வெயிலுக்கு அருவி நூலாய் விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் காலை நனைத்தீர்கள், என்னையும் நனைக்கச் சொன்னீர்கள். நனைத்தேன்.

"இனி பேச்சு கெடையாது. வாயத் தூக்கிட்டு மலை ஏற முடியாது, சம்பந்தி."

பேசத்தான் வந்தவன், சத்தமே தொழிலானவன், கால் நனைந்த பிறகுதான் அகப்பட்டுக்கொண்டது தெரிந்தது.

செண்பகாதேவி வரை கல்லும் ஓடையுமாகப் பாதை இருந்தது. அதற்கு மேலே வாட்சர் அரிவாளால் ஈத்தம் புதரை ஒதுக்கிக்கொண்டே முன்னால் போனார். அடுத்து நீங்கள், கடைசியில் நான். காய்ந்த சருகு நொறுங்குகிற சத்தம், எங்கோ மரங்கொத்தி தட்டுகிற சத்தம், என் மூச்சு. என் மூச்சை நான் அதுவரை அவ்வளவு நேரம் கேட்டதில்லை, கேட்கும்படியாகவும் இல்லை. ஆனை போட்ட லத்தி ஆவி பறந்துகொண்டு கிடந்தது. வாட்சர் அதைத் தாண்டினார், நீங்கள் தாண்டினீர்கள், நான் மிதித்தேன். திரும்பிப் பார்த்த நீங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே உங்களைப் பாதி மன்னித்திருப்பேன்.

மூங்கில் காட்டுக்குள் உட்கார்ந்தபோது பொறுமை போய்விட்டது. உங்கள் தோளைத் தட்டினேன். கீழே ஊர் இருக்கிற திசையைக் காட்டினேன். தலையில் தொப்பி வைப்பதுபோல் காட்டினேன், புஜத்தில் ஊசி குத்துவதுபோல் குத்திக் காட்டினேன், இரண்டு கையையும் கூப்பினேன். பச்சைப் பிள்ளைக்கும் புரியும், நர்ஸ் வேலைக்கு விடுங்கள் என்று. நீங்கள் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தீர்கள். அட்டை கடித்துவிட்டதாம் எனக்கு! தெரிந்தேதான் செய்தீர்கள். உங்கள் மீசைக்குக் கீழே ஒரு துடிப்பு ஓடியதைப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உச்சியை ஒட்டி மரம் குறைந்து புல்லானது. காற்று வேட்டியை உருவப் பார்த்தது. கிழக்கே தென்காசிக் கோபுரம் தீப்பெட்டி நிறுத்திவைத்த மாதிரி, அதைச் சுற்றிக் குளங்கள் சில்லறையாய்ச் சிதறிக் கிடந்தன. மேற்கே மலையாளத்து மேகம். நல்ல இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதிலும் உங்களுக்குப் பங்கில்லை.

கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினீர்கள். பால் பொங்கியதும் "சாஸ்தாவே!" என்று நீங்கள் போட்ட சத்தத்துக்கு அடுத்த சத்தம் என்னுடையது.

"சம்பந்தி, பிள்ளைய வேலைக்கு விடுங்க."

"பொங்கலைச் சாப்பிடுங்க. ஆறிப்போவுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சாமி கும்பிட வந்தியளா, வக்காலத்துக்கு வந்தியளா?"

"ரெண்டுக்குந்தான்."

"எம்மவன் எல்லையில நிக்கான். அவன் பொண்டாட்டி இங்கன ஊரான் புண்ணைத் தொடச்சிக்கிட்டுத் திரியணுமாக்கும்?"

"உங்க மவன் எல்லையில அடிபட்டு விழுந்தா, அங்கன யாரு வே தொடைப்பா? அவளும் ஒருத்தி மருமவதான?"

'வே' என்று வந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்தவன் வாயில் வரக்கூடாத வார்த்தை. நீங்கள் எழுந்தே விட்டீர்கள், கரண்டி கையில் இருந்தது. வாட்சர்தான் இடையில் வந்தார்.

"ஆனை நிக்கிற எடம் அண்ணாச்சி. ரெண்டு பேரும் சண்டைய மெதுவாப் போடுங்க."

அதன்பிறகு யாரும் பேசவில்லை. இந்தத் தடவை சாஸ்தாவுக்காக அல்ல. இரவு மேலேயே கிடந்து, மறுநாள் இறங்கும்போதும் அப்படித்தான். வழுக்குப் பாறையில் உங்கள் முழங்கால் மடங்கியபோது நான் கையை நீட்டினேன். என் கையை விட்டுவிட்டு முள்மரத்தைப் பிடித்தீர்கள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது. என் கையைவிட முள் மேல் என்று நினைத்தீர்கள். நான் எதுவுமே கேட்டுத் தராமல் திரும்புகிறேனே, மகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் வழி நெடுக என் யோசனை.

அருவிச் சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்ததும் உங்கள் போன் அடித்தது. சம்பந்தியம்மா. நீங்கள் கேட்டுக்கொண்டே நின்றீர்கள். போனை அணைத்துப் பைக்குள் வைத்தீர்கள்.

"மருமவ வேலையில சேந்துட்டாளாம். இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

'நாளு கெடக்குப்பா' என்றாளே? உங்கள் கண் என் முகத்தில் இருந்தது.

"இத்தன வருசமா வராத ஆளு, இந்த வருசம் எதுக்கு வே வந்தீரு? என்னைய மேல ஏத்தி, வாயக் கட்டி, போன் எட்டாத எடத்துல வச்சுக்கிட்டு, கீழ அவள அனுப்பியிருக்கீரு. நீரு போட்ட திட்டந்தான?"

ஒரு கணந்தான் இருந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலையில் கேட்கச் சொன்னது உங்களிடம் சம்மதம் வாங்க அல்ல. உங்களை மேலேயே நிறுத்திவைக்க ஒரு மூட்டை வேண்டியிருந்தது, அந்த மூட்டை நான். 'எனக்கும் தெரியாது' என்று சொன்னால், அடுத்த பஸ்ஸில் நீங்கள் தருமபுரிக்குப் போவீர்கள். அங்கே அவள் தனியாக நிற்பாள்.

"ஆமா," என்றேன். "நான்தான் போகச் சொன்னேன். எம்மவ, நான் சொன்னதைக் கேட்டா."

முழுக்கப் பாசம் என்று எழுதிவிட ஆசைதான். ஏமாந்தவன் என்பதைவிடத் திட்டம் போட்டவன் என்பது ஆம்பளைக்குக் கொஞ்சம் எடுப்பாக இருந்தது, அதுவும் உண்மை.

"அப்பன் பேச்சக் கேட்ட பிள்ளையக் குத்தஞ் சொல்ல முடியாது," என்றீர்கள். "ஆனா நீரு இனி என் வாசல்ல கால் வைக்கப்படாது." உப்புப் பொட்டலத்தை என் காலடியில் போட்டுவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறினீர்கள்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அத்தைதான்ப்பா சோறு கட்டித் தந்து, பஸ் ஏத்தி விட்டாவ. மாமாட்ட மூச்சு விட்டுராதீங்க." விடவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன சொல் தவறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால் நீங்கள் இலையை விட்டு எழுந்தீர்கள். அச்சன்புதூர்க் கொடைக்கு என் மைக்செட் வரக்கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் பேசினீர்கள். என் பேரன் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்ததோடு சரி. உங்கள் வீட்டுத் தொட்டிலில் அவனைப் பார்த்ததில்லை. அதே நேரம் டீக்கடையில், "எம்மருமவ கவர்மெண்ட்டு நர்ஸாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டுச் சிரித்தேன், வயிறும் எரிந்தது. அவளைத் தென்காசிக்கே மாற்றல் வாங்கி வரவைத்து, உங்கள் சர்க்கரைக்கு ஊசி போடக் கையையும், புண்ணுக்குக் கட்டுப் போடக் காலையும் நீட்டிக்கொண்டிருந்தீர்கள். யார் புண்ணை யார் துடைத்தது, சம்பந்தி?

நீங்கள் போன செய்தி வந்ததும் அந்த வாசலில் கால் வைத்தேன். தடுக்க ஆள் இல்லை. சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்கள்.

"கடைசி வரைக்கும் உங்களத்தான் ஏசிக்கிட்டு இருந்தாவ. எங்க ரெண்டு பேரையும் ஒரு சொல்லு சொல்லல."

எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மனுஷன் சாகிறவரை என்னை வெறுத்திருக்கிறார், நன்றாக, கடன் வைக்காமல் வெறுத்திருக்கிறார், அதனால் என் பிள்ளை அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

உங்கள் தலைமாட்டில் வந்து நின்றேன். மூக்கில் பஞ்சு வைத்தும் மீசை மட்டும் அதே விறைப்பில் இருந்தது. இனி நீங்கள் எழுந்து யாரையும் கேட்கப்போவதில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கால்மாட்டில் என் மகள் உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் காதில் விழும். மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

சம்பந்தி, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் அவ ஏமாத்துனா.